வராதவர் கணக்கை எழுதுவது யார்?



சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சங்கத்துச் சந்தா வசூலுக்காகத் தாராவியில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு சந்தின் கோடியில், வாசலில் போட்ட கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், நம் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டு கூப்பிட்டார். வயது 78. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பதினாறு வயதில் பம்பாய்க்கு ரயிலேறி வந்து, தோல் கிடங்கிலே சுண்ணாம்புத் தொட்டிக்கும் உப்புத் தோலுக்கும் நடுவே உழைத்து, நான்கு பிள்ளைகளை ஆளாக்கியவர். கண் நீர் அழுத்த நோயால் பார்வை முழுக்கப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முழங்கால் இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

சந்தாவை எண்ணிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்:

"தம்பி, அந்தக் காலத்துல படிப்பகத்துல நான்தான் பேப்பர் வாசிப்பேன். எழுத்துத் தெரியாதவிய இருபது பேரு சுத்தி உக்காந்து கேப்பாவ. இப்ப எனக்கு வாசிச்சுக் காட்ட ஒரு ஆளு இல்ல. கண்ணு போச்சு, காது கெடக்குல்லா? நம்ம நூலகத்துல ஏதாவது வழி உண்டா?"

நாம் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். நம் சங்கத்து நூலகம் அவர் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் மாடியில் இருக்கிறது. அதற்கு ஏறும் வழி, தாராவியில் எல்லா மாடிக்கும் உள்ளது போல, செங்குத்தான இரும்பு ஏணி. அந்த நூலகத்துக்கு முதல் பீரோ வாங்கியபோது வாரக் கூலியிலிருந்து பணம் கொடுத்தவர்களில் அந்தப் பெரியவரும் ஒருவர். அவர் காசில் வாங்கிய பீரோ மேலே இருக்கிறது. அவர் கீழே இருக்கிறார். நடுவில் நாம் போட்ட ஏணி!

ஒரு காலத்தில் இருபது பேருக்குக் கண்ணாக இருந்த மனிதருக்கு இன்று கண்ணாக இருக்க இந்தச் சமுதாயத்தில் ஒருவர் இல்லையா? இந்தக் கேள்வியை விட்டுவிட்டு வேறு எதைப் பற்றி இந்த மாதம் எழுதுவது?

"அவர்கள் வருவதே இல்லையே!"

நம் குற்றத்தைப் பின்னால் பேசுவோம். முதலில் பொதுப் பணத்தில் நடக்கும் நூலகத்தின் கதையைக் கேளுங்கள்.

பெரியவருக்காக ஒரு மனு எழுதிக்கொண்டு, மாநகரில் உள்ள பொது நூலகம் ஒன்றுக்குப் போனோம். வாசலில் நான்கு படிகள். கைப்பிடி கிடையாது. உள்ளே தமிழ்ப் புத்தகங்கள் ஓர் அலமாரியில், மேல் தட்டில், நின்றபடி கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில் இருந்தன. பொறுப்பில் இருந்தவர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், மனுவை முழுக்கப் படித்தார். பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து நம் முன் விரித்தார்.

"நீங்களே பாருங்கள். சக்கர நாற்காலிக்காரரோ பார்வையற்றவரோ இங்கே வருவதே இல்லை. வயதானவர்களும் மிகக் குறைவு. வராதவர்களுக்கு எதற்குச் சாய்தளம்? எதற்குப் பேசும் புத்தகம்? தணிக்கையில் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது?"

தோழர்களே, இந்தப் பதிலில் கோபம் இல்லை, இகழ்ச்சி இல்லை. கணக்கு மட்டுமே இருக்கிறது. அதனால்தான் இது ஆபத்தான பதில்! ரயில்வேயில் கவுண்ட்டரில் உட்கார்ந்து வயதைக் கழித்தவர்கள் நம்மில் பலர். டிக்கெட் ஜன்னலைச் சாத்தி வைத்துவிட்டு, "இன்று ஒரு டிக்கெட்டும் விற்கவில்லை, ஆகவே இந்த ஊரில் பயணிகளே இல்லை" என்று மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பும் குமாஸ்தாவை என்ன செய்வார்கள்? அன்றைக்கே சஸ்பெண்ட் செய்வார்கள். ஆனால் நூலக வாசலில் நான்கு படிகளை வைத்துவிட்டு, நொண்டியும் குருடும் வரவில்லை என்று எழுதினால் அது நிர்வாகம் எனப்படுகிறது.

வந்தவர் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார். வர முடியாதவர் எந்தப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவார்? வராதவர் கணக்கை எழுதுவது யார்?

கிணற்றங்கரைக்கு வராதே என்று ஒரு சாதியை விலக்கி வைத்துவிட்டு, அவர்களுக்குத் தாகமே இல்லை என்று சொன்ன நாடு இது. அந்தப் பழைய வாதம் சட்டை மாற்றிக்கொண்டு நூலக வாசலில் நிற்கிறது. அன்று ஆள் நின்று தடுத்தான். இன்று படி நின்று தடுக்கிறது. படிக்கு வாய் இல்லை, ஆகவே எவர் மீதும் பழி இல்லை!

ரயில் பெட்டி சொல்லும் சாட்சி

வசதி செய்தால் ஆள் வருமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நாம் தூரத்து உதாரணம் சொல்ல வேண்டியதில்லை. நாம் தினமும் ஏறி இறங்கும் மும்பைப் புறநகர் ரயிலே சாட்சி.

இந்த வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் புற்றுநோயாளிகளுக்கும் தனிப் பெட்டி உண்டு. அது தானாக முளைத்ததல்ல. கேட்டுக் கேட்டு, வாதாடி வாங்கியது. பெட்டி வருவதற்கு முன்னால், காலை எட்டு மணி நெரிசலில் ஊன்றுகோலோடு எத்தனை பேர் பயணம் செய்கிறார்கள் என்று எண்ணியிருந்தால் என்ன விடை கிடைத்திருக்கும்? இல்லை என்ற விடைதான்! பெட்டி வந்தது. ஆட்களும் வந்தார்கள். வேலைக்குப் போனார்கள், கல்லூரிக்குப் போனார்கள். இன்று அந்தப் பெட்டியில் அவர்களுக்கே இடம் போதவில்லை. உடல் நலமுள்ளவர்கள் அதில் ஏறிக்கொண்டு ரயில்வே போலீசில் பிடிபட்டு அபராதம் கட்டுகிறார்கள்.

வசதி முதலில் வந்தது. கணக்கு பின்னால் வந்தது. நூலகத்துக்கு மட்டும் ஏன் தலைகீழாகக் கேட்கிறார்கள்?

அதே ரயில்வேயில் இன்னொரு பாடமும் உண்டு. பெட்டி கிடைத்த பிறகும், அந்தப் பெட்டி நிற்கும் பிளாட்பாரத்துக்குப் போக மேம்பாலப் படி ஏற வேண்டியிருந்தது. லிஃப்ட் இல்லாத நிலையத்தில், வண்டியில் இடம் உண்டு, வண்டியை அடைய வழி இல்லை. நூலகத்தில் நான்கு பிரெய்ல் புத்தகம் வாங்கி வைத்துவிட்டு வாசற்படியை அப்படியே விட்டால் அதுவும் இதே கதைதான். பாதி வழி என்பது வழியே அல்ல.

பெயர் மாறியது, படி மாறவில்லை

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு சொல்கிறது: இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். இவர்களில் பார்வைக் குறை உள்ளவர் சுமார் 50 லட்சம், நடமாட்டக் குறை உள்ளவர் சுமார் 54 லட்சம். 60 வயது கடந்தவர் 10 கோடிக்கு மேல். 2021-இல் எடுக்க வேண்டிய அடுத்த கணக்கெடுப்பு அந்த ஆண்டில் எடுக்கப்படவில்லை. இடைப்பட்ட காலத்தில் நாமெல்லாம் இளமையாகிவிடவில்லை!

இவர்களுக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. ஏராளமாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் ஏற்றது. அதன் 30-ஆவது பிரிவு, அவர்கள் அணுகக்கூடியதாக இருக்க வேண்டிய இடங்களில் நூலகத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 2016-இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதன் 45-ஆவது பிரிவு, ஏற்கனவே உள்ள பொதுக் கட்டடங்களை எல்லாம், விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுக்குள் அனைவரும் அணுகக்கூடியதாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. 2022 ஜூனில் 5 ஆண்டு முடிந்தது. நாம் மனுவோடு போன நூலகத்தின் நான்கு படிகள் அந்தச் சட்டத்தை இன்னும் படிக்கவில்லை போலும்!

2024 நவம்பர் 8-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. அணுகல் வசதி பற்றிய விதிகள் வெறும் வழிகாட்டு யோசனைகளாக இருப்பது சட்டத்துக்கே விரோதம் என்றும், கட்டாயமான தரங்களை மூன்று மாதத்துக்குள் வகுக்க வேண்டும் என்றும் ஒன்றிய அரசுக்கு ஆணையிட்டது. யோசனை என்பது வேறு, கட்டளை என்பது வேறு. இது அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கும் எவருக்கும் தெரியும்.

சட்டத்துக்கு முன்னால் பெயர் மாற்றம் வந்துவிட்டது. தமிழில் ஊனமுற்றோர் என்பதை மாற்றுத்திறனாளி ஆக்கினார்கள். 2015-இல் பிரதமர் 'திவ்யாங்' என்று பெயர் சூட்டினார், தெய்வீக அங்கமாம். பெயரில் மரியாதை வந்ததை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் தெய்வம் என்று கும்பிட்டுவிட்டுத் தெருவில் உட்கார வைத்தால் அதற்கு என்ன பெயர்?

மும்பைக் கோட்டைப் பகுதியில் 1833-இல் கட்டி முடித்த டவுன் ஹால் நிற்கிறது. ஏஷியாட்டிக் சொசைட்டியின் நூலகமும் மாநில மத்திய நூலகமும் இருக்கும் கட்டடம் அது. அதன் முகப்புப் படிகள் 30. சினிமாக்காரர்கள் ஓடியாடிப் படம் பிடிக்கும் அழகான படிகள்! வெள்ளைக்காரன் கட்டியபோது அவன் மனத்திலிருந்த வாசகன் யார் என்பதை அந்தப் படிகள் சொல்கின்றன: நல்ல கால், நல்ல கண், நல்ல வசதி உள்ளவன். வெள்ளைக்காரன் போய்விட்டான். அந்த வாசகன் மட்டும் நம் அதிகாரிகள் மனத்தில் இன்னும் குடியிருக்கிறான்.

நம் முதியோருக்கு இரட்டைப் பூட்டு

இந்தக் குறை எல்லா மொழிக்காரருக்கும் பொதுதானே, தமிழர் சங்கம் தனியாக ஏன் குரல் கொடுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

இங்கே பிறந்த முதியவருக்குப் படி ஒரு பூட்டு. நம் முதியவருக்குப் படி ஒரு பூட்டு, மொழி இன்னொரு பூட்டு. உழைக்கத் தேவையான அளவு இந்தியும் மராத்தியும் காதில் ஏற்றிக்கொண்டார்கள். சந்தையில் பேரம் பேசவும், மேஸ்திரியிடம் கூலி கேட்கவும் அது போதும். ஓய்ந்து உட்கார்ந்த பிறகு மனத்துக்கு வேண்டிய மொழி அதுவா? பேரப்பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கிறார்கள். தாத்தாவுக்குத் தமிழ் வாசித்துக் காட்டும் நாக்கு அவர்களுக்கு இல்லை. "வீட்டில் யாராவது வாசித்துக் காட்டலாமே" என்று எளிதாகச் சொல்கிறார்கள். யார்? காலை ஐந்துக்குப் புறப்பட்டு இரவு பத்துக்குத் திரும்பும் மகனா? நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் மருமகளா?

நம் தாய்மார்களின் நிலை இன்னும் கடினம். முதுமையில் கண் மங்குவதற்கு முன்பே, எழுத்தறியாமல் வைக்கப்பட்டவர்கள் அவர்கள். வெள்ளெழுத்து வந்த பிறகு கண்ணாடி மாட்டலாம். எழுத்தே காட்டப்படாதவர்களுக்கு எந்தக் கண்ணாடி? பேசும் புத்தகம் அவர்களுக்கும்தான். வள்ளுவர் 'கல்வி'க்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நிற்கவில்லை. 'கேள்வி' என்று செவிக்கும் தனி அதிகாரம் வைத்தார். படிப்பகத்தில் ஒருவர் வாசிக்க இருபது பேர் கேட்டு அரசியல் கற்ற கூட்டம் நாம். காதால் படிப்பது நமக்குப் புதிதா?

மூன்று சாக்குகள்

முதல் சாக்கு: பணம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். சக்கர நாற்காலி ஏறும் சாய்தளத்துக்கு அரசு நிர்ணயித்த சரிவு 12-க்கு 1. அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். நான்கு படி, படிக்கு ஆறு அங்குலம் என்றால் மொத்தம் இரண்டடி உயரம். ஆக வேண்டியது 24 அடி நீளச் சாய்தளம், இரு பக்கமும் இரும்புக் குழாய்க் கைப்பிடி. நீளத்துக்கு இடமில்லை என்றால் நடுவில் சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். செங்கல், மணல், சிமெண்ட், சில நாள் கொத்தனார் வேலை. இந்த நகரத்து மாளிகைகளுக்குக் கல் சுமந்த கைகள் நம் தெருவில் எத்தனை! பொருளைக் கொடுங்கள், நாங்கள் கட்டித் தருகிறோம் என்று அந்தப் பொறுப்பாளரிடம் சொன்னோம். மேலிடத்துக்கு எழுதுகிறேன் என்றார்.

பணம் எங்கிருந்து வரும் என்பதற்கும் விடை உண்டு. சென்னை மாகாணம் 1948-இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்க வழி செய்தது. நூலகத்துக்கென்று தனி வருமானம்! மகாராஷ்டிரத்தின் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நூலக வரி இல்லை. இங்கே பெரும்பாலான நூலகங்களை மக்கள் அமைப்புகள் நடத்துகின்றன. அரசு அவற்றை நான்கு வகையாகப் பிரித்து மானியம் கொடுக்கிறது. நாம் கேட்பது இதுதான்: மானியம் கொடுக்கும் அரசு, மானியத்தோடு ஒரு நிபந்தனையும் கொடுக்கட்டும். சாய்தளம் இல்லாத நூலகத்துக்கு உயர்ந்த வகை கிடையாது என்று எழுதட்டும். ஓராண்டில் எத்தனை படிகள் சாயும் பாருங்கள்!

இரண்டாவது சாக்கு: கைப்பேசி இருக்கிறதே, இனி நூலகம் எதற்கு?

கைப்பேசி இன்று தமிழை வாய்விட்டு வாசிக்கிறது, உண்மை. ஆனால் எதை வாசிக்கும்? எழுத்தாக உள்ளிட்டதை வாசிக்கும். பழைய புத்தகத்தின் பக்கங்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அவற்றில் பெரும்பகுதி அதற்குப் படம் மட்டுமே. அதன் முன் கைப்பேசி ஊமை. ஒருங்குறி வருவதற்கு முன் புழங்கிய பழைய எழுத்துருக்களில் தட்டியதை வாசிக்கச் சொன்னால் உளறும். 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகள் நூல்களை எழுத்தாகவே உள்ளிட்டு இலவசமாகத் தந்திருப்பதால் அவற்றைக் காதால் படிக்க முடிகிறது. 2016-இல் தொடங்கிய 'சுகம்ய புஸ்தகாலய' என்ற இணைய நூலகத்தில், அச்சைப் படிக்க இயலாதவர்கள் சான்று காட்டி உறுப்பினராகலாம். இதெல்லாம் இருக்கிறது என்று நம் பெரியவருக்கு யார் சொன்னார்கள்? அவர் விரலைப் பிடித்து எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று யார் காட்டினார்கள்? அதைக் காட்டும் ஆள் இருக்கும் இடத்துக்குப் பெயர்தான் நூலகம். நூலகம் என்றால் அலமாரி என்று நினைப்பவர்தான் கைப்பேசி போதும் என்பார்.

மூன்றாவது சாக்கு நம் ஆட்களே சொல்வது: "குழாயில் தண்ணீர் இல்லை, கக்கூசுக்கு வரிசை நிற்கிறோம், இருக்கும் குடிசையே நிலைக்குமா தெரியவில்லை. இதில் கிழவனுக்குப் புத்தகமா?"

இந்தக் கேள்வியை நாம் மதிக்கிறோம். ஆனால் தண்ணீரையும் நூலகத்தையும் மோதவிடுவது யாருக்கு லாபம்? 2024 மார்ச்சில் தாராவி மறுசீரமைப்புக்காக வீடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். எந்த ஆண்டு ஆவணம் செல்லும், யார் தகுதியுள்ளவர், யாருக்கு எந்த இடம் என்று காகிதம் காகிதமாக வருகிறது. அந்தக் காகிதங்களை வாசித்துப் புரிந்துகொள்ள இயலாதவர் யார்? பார்வை போன பெரியவர், எழுத்தறியாத தாய், வாசல் தாண்ட முடியாத ஊனமுற்ற தங்கை. கைநாட்டு வாங்க வருகிறவன் முதலில் தேடி வருவது இவர்களைத்தான். நூலகம் இவர்களுக்கு எட்டினால் செய்தி எட்டும். செய்தி எட்டினால் ஏமாற்ற முடியாது. தண்ணீருக்கான போராட்டத்துக்கும் இவர்கள் வருவார்கள்.

அடுக்குமாடி எழும்போது பால்வாடி, நலக்கூடம், பொது அறை என்று வரைபடத்தில் இடம் போடுவார்கள். அந்த அறை எந்த மாடியில்? லிஃப்ட் நின்ற நாளில் பத்தாவது மாடிப் பாட்டிக்கு வீடே சிறைதான், இதை ஏற்கனவே மாடிக்குப் போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள். படிப்பறை தரைத்தளத்தில் வேண்டும் என்று கட்டிய பிறகு கேட்டால் சுவரை இடிக்க வேண்டும். இப்போது கேட்டால் பென்சில் கோட்டை அழித்தால் போதும்.

புத்தகம் வண்டியேறிப் போன வரலாறு

நம் வரலாறு நமக்கு மறந்துவிட்டது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலக இயலின் ஐந்து விதிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். உலகமே அவற்றை ஏற்றது. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் சாரம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கு உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவதன் சாரம். நல்ல காலுள்ள வாசகருக்கு மட்டும் என்று அவர் விதிவிலக்கு எழுதவில்லை. அதே 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போனார்கள். மனிதன் நூலகத்துக்கு வர முடியாவிட்டால் நூலகம் மனிதனிடம் போகும். மாட்டு வண்டியால் முடிந்தது மோட்டார் வண்டியால் முடியாதா?

சென்னையில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் தரைத்தளத்திலேயே பிரெய்ல் பிரிவு வைத்தார்கள். மாநகரத்துப் பெருநூலகத்தில் முடிந்தது தாராவிக்கும் டோம்பிவிலிக்கும் ஏன் வரக்கூடாது?

நம் ஏணியை நாமே இறக்குவோம்

இனி நம் குற்றம். ஊராரைக் குறை சொல்லும் வாய்க்கு முன்னால் நம் இரும்பு ஏணி நிற்கிறது. நம் உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினோம். எழுபது தாண்டியவர்களின் பெயருக்கு எதிரே "எடுத்த நூல்" என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறது. அந்தப் பொறுப்பாளரைப் போலவே நாமும், அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். கொடி கட்டுவதற்கும் கூட்டம் சேர்ப்பதற்கும் தெரிந்த வழி இதற்குத் தெரியவில்லை. வெட்கப்படுவோம். வெட்கப்பட்டுவிட்டு வேலை செய்வோம்.

சங்கத்துச் செயற்குழு கூடிப் பேசி, அரசுக்காகக் காத்திராமல் நாமே செய்ய முடிவெடுத்தவை இவை:

1. ஞாயிறு தோறும் மாலையில் இரண்டு அலமாரி நூல்கள் கீழே இறங்கும். தெருமட்டத்தில், படியில்லாத இடத்தில் படிப்பகம் நடக்கும். நாளிதழும் நூலும் உரக்க வாசிக்கப்படும். வாசிக்க இளைஞர்கள் முறை வைத்து வர வேண்டும்.

2. வீட்டை விட்டு வர முடியாதவர் பட்டியல் தெருவாரியாக எடுக்கப்படும். வராதவர் கணக்கை நாம் எழுதுவோம். அவர்கள் வீட்டுக்கு மாதம் இருமுறை நூல் போகும்.

3. நூல்களை ஒலியில் பதிவு செய்வோம். கல்கி போன்றவர்களின் நாட்டுடைமை ஆக்கப்பட்ட எழுத்துக்களைப் பதிவு செய்ய எவர் அனுமதியும் தேவையில்லை. யாரும் கேட்கலாம். மற்ற நூல்களையும், 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, லாப நோக்கின்றி மாற்றுத்திறனாளிகளின் பயனுக்காக மட்டும் ஒலி வடிவமாக்கலாம். இந்த வேறுபாட்டை வாசிக்கும் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

4. மாற்றுத்திறனாளிச் சான்றும் அடையாள அட்டையும் இல்லாதவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தர வாரம் ஒரு மாலை ஒதுக்கப்படும். சான்று இல்லாமல் இணைய நூலகத்திலும் சேர முடியாது, வேறு உதவியும் கிடைக்காது.

5. பார்வையற்றோருக்கான பிரெய்ல் கட்டுகளை அஞ்சல் துறை கட்டணமின்றி எடுத்துச் செல்கிறது. பிரெய்ல் கற்ற நம் பிள்ளைகளுக்குத் தமிழ் நூல்கள் வரவழைக்க இந்த வசதியைப் பயன்படுத்துவோம்.

6. நம் சங்கத்து அறிவிப்புகள் ஒரு பக்கம் பெரிய எழுத்தில் அச்சாகும். கூட்டத்தில் அறிவிப்பதை எழுதியும் வைப்போம், காது கேளாதோரும் நம் உறுப்பினரே.

அரசிடமும் மாநகராட்சியிடமும் நாம் கேட்பவை சில. பொது நூலகம் ஒவ்வொன்றிலும் சாய்தளமும் கைப்பிடியும், சக்கர நாற்காலி நுழையும் அகலத்தில் கதவும் கழிப்பறையும் வேண்டும். மானியத்துக்கு இவை நிபந்தனையாக வேண்டும். பெரிய எழுத்து நூல்களும் ஒலி நூல்களும் மராத்தி, இந்தியோடு தமிழ் உள்ளிட்ட உழைக்கும் மக்களின் மொழிகள் அனைத்திலும் வேண்டும். வர இயலாதவர் வீட்டுக்கு நடமாடும் நூலகம் வேண்டும். புதிதாக எழும் குடியிருப்புகளில் படிப்பறை தரைத்தளத்தில் வேண்டும். மராத்தித் தோழர்களும் உத்தரப் பிரதேசத்துத் தோழர்களும் இந்தக் கோரிக்கையில் நம்மோடு நிற்பார்கள். அவர்கள் வீட்டிலும் தாத்தா இருக்கிறார், அவர்கள் நூலகத்திலும் படி இருக்கிறது.

கயிற்றுக் கட்டில் பெரியவரிடம் திரும்பப் போய்ச் சொன்னோம்: "ஐயா, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புத்தகம் கீழே வருது. உங்களைக் கைப்பிடித்துக் கூட்டிப் போக ஆள் வரும்." அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "பொன்னியின் செல்வன் ரெண்டாம் பாகத்துல விட்டுட்டேன் தம்பி, அதுலேர்ந்து ஆரம்பிங்க" என்றார்.

ஆறு ஆண்டுகளாக அவர் பக்கத்துக்கு அடையாளம் வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறார். அவருக்கு ஆர்வம் இல்லை என்று இனி எவர் எழுதினாலும், அந்தப் பதிவேட்டைக் கிழிப்போம்!

படிகள் சாயட்டும்! படிப்பு எழட்டும்!